கடனும் குளிரும் சேர்ந்து வந்தா: டைரக்ட் டெபிட்டா, டாப்-அப் மீட்டரா?

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஒரு பழைய வீட்டை ரெண்டா பிரிச்சு வாடகைக்கு விட்டிருக்காங்க, கீழ நாங்க, மேல யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க. ரெண்டு பேருக்கும் வீட்டைச் சூடாக்க ஒரே மாதிரி கேஸ் பாய்லர், ஒரே மாதிரி ஒத்தச் செவுரு, குளிரும் ஒரே குளிர்தான். கேஸ், கரண்ட் பில் கட்டுற விதம் மட்டும் வேற. நாங்க மாசாமாசம் பேங்க்லேர்ந்து கம்பெனியே ஒரு தொகையை எடுத்துக்கற டைரக்ட் டெபிட், அவங்க கடைக்குப் போய் முன்கூட்டியே காசு ஏத்துற ப்ரீபேமெண்ட் மீட்டர், அதாவது டாப்-அப் மீட்டர். கடன் ரெண்டு வீட்லயும் உண்டு, எனக்கு கிரெடிட் கார்டு, அவங்களுக்கு பழைய கேஸ் பாக்கி. நாலு குளிர்காலமா மாடிப்படில நின்னு இதையே பேசிட்டு இருக்கோம்.

முதல்ல ஒரு பழைய நம்பிக்கையை ஒதுக்கி வச்சிடலாம். டாப்-அப் மீட்டர்னா விலை ஜாஸ்தின்னு இன்னமும் நிறைய பேர் சொல்றாங்க, முன்னாடி அது உண்மைதான், ஆனா 2024 ஏப்ரல்ல ஆஃப்ஜெம் (இங்க கேஸ், கரண்ட் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துற அமைப்பு) ஸ்டாண்டிங் சார்ஜை, அதாவது எரிச்சாலும் எரிக்காட்டியும் தினமும் போற கட்டணத்தை, சமன் பண்ணினதுக்கு அப்புறம் டைரக்ட் டெபிட்டை விட அது கொஞ்சம் கம்மியாவே ஆயிடுச்சு. அதனால வித்தியாசம் இப்ப விலைல இல்ல, எந்த மாசம் யார் கையைக் கடிக்குதுங்கறதுலதான் இருக்கு.

டைரக்ட் டெபிட் கணக்கு என்னன்னா வெயில் காலத்துல கூடுதலா கட்டி சேர்த்து வச்சு குளிர்ல அதைத் தின்னுறது. ஏப்ரல், மே-ல ஆரம்பிச்சவனுக்கு அருமையான ஏற்பாடு. நாங்க குடி வந்ததோ நவம்பர்ல, சேமிப்புன்னு பத்து பைசா கிடையாது, மாசம் 110 பவுண்டுன்னு கம்பெனியா ஒரு குத்துமதிப்பு போட்டான், நானும் மீட்டர் ரீடிங் அனுப்பல, பிப்ரவரி கடைசில பார்த்தா 380 பவுண்டு பாக்கி, இனிமே மாசம் 185 எடுப்போம்னு ஒரு ஈமெயில் வேற. அக்கவுண்ட்ல காசு இல்லாத நாள்ல அந்த 185 போச்சுன்னா ஓவர்டிராஃப்ட், இங்க பெரிய பேங்க் பலதுல அதுக்கு வட்டி வருஷத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி.

பயந்துபோய் நான் செஞ்ச வேலைதான் இருக்கறதுலயே முட்டாள்தனம், மொத்த 380-ஐயும் கிரெடிட் கார்டுல தேய்ச்சேன். வீட்டுக்கான கேஸ், கரண்ட் பாக்கிக்கு பொதுவா வட்டி போடறதில்லங்க. வட்டியே இல்லாத கடனை நானே கொண்டு போய் 25 சதவீத வட்டிக் கடனா மாத்திக்கிட்டேன்! அன்னைக்கு செஞ்சிருக்க வேண்டியது ஒரு போன் கால், மாசம் இவ்ளோதான் முடியும், தவணையா பிரிங்கன்னு கேட்கறது. கட்ட முடியற அளவைப் பார்த்துதான் தவணை போடணும்னு சப்ளையருக்கு ஆஃப்ஜெம் விதியே இருக்கு. அதுக்காக கேஸ் பாக்கியை கண்டுக்காம விடலாம்னு சொல்லல, வாடகை, கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி), கேஸ், கரண்ட் இதெல்லாம் முன்னுரிமைக் கடன், கைவிட்டா வீடும் சூடும் போகும், கவுன்சில் டாக்ஸ்னா வாசல்லயே பெய்லிஃப், அதாவது பாக்கியை வசூல் பண்ண வர்ற ஆள். கார்டுக்காரன் கத்துவான், ஸ்கோர் போகும், கோர்ட்டுக்கும் போவான், ஆனா ராத்திரி பாய்லரை அணைக்க அவனால முடியாது.

இப்ப அக்கா பக்கம். "தம்பி, காசு போட்டு எரிச்சாத்தான் எனக்கு நித்திரை வரும், பில் எண்டு பயந்து கொண்டிருக்க ஏலாது"ன்னு சொல்லுவாங்க, அதுல நியாயம் இருக்கு, திடீர்னு புதுசா பாக்கி முளைக்காது. ஆனா மீட்டர் ஏறின காசை அப்படியே தர்றதில்ல. ஒரு தடவை ரெண்டு மாசம் ஊருக்குப் போயிட்டு செப்டம்பர்ல வந்தாங்க, வீடு பூட்டிதான் கிடந்தது, கேஸுக்கு 20 பவுண்டு ஏத்திட்டு பார்த்தா திரைல சில்லறைதான் நிக்குது. ஒரு நாளைக்கு முப்பது பென்ஸ் சொச்சம் ஸ்டாண்டிங் சார்ஜ், அறுபது நாளைக்கு சேர்த்து வாங்கிக்குச்சு. குளிர்ல இதுக்கு மேல வாராவாரம் பழைய பாக்கிக்கு 5 பவுண்டு. கைல காசில்லாத வாரம் மீட்டரும் காலி, யாரும் வந்து கட் பண்ணல, தானா கட் ஆயிடுது. ஜனவரில ரெண்டு நாள் அக்கா கோட்டு போட்டுக்கிட்டு சமைச்சதை நான் பார்த்தேன், அதனால பாக்கி இருக்கறவங்களுக்கு டாப்-அப் மீட்டர் நல்லதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அப்படியே வச்சிருந்தாலும் வாரப் பிடித்தத்தை குறைக்கச் சொல்லி கேளுங்க, கேட்டா குறைப்பாங்க, அக்காவுக்கு 5 போய் 3 ஆச்சு.

என் ஓட்டு டைரக்ட் டெபிட்டுக்கு, ரெண்டு கண்டிஷனோட. சம்பளம் வந்த மறுநாளே போற மாதிரி தேதி வைக்கணும், ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி மீட்டரை போட்டோ எடுத்து ரீடிங் அனுப்பணும்.

ஹீட்டர் விஷயத்துல தோத்தது நாங்க ரெண்டு பேருமே. கேஸை மிச்சம் பண்றேன்னு ஆளுக்கொரு எண்ணெய் ஹீட்டர் வாங்கினோம். 2025 அக்டோபர் விலைப்படி கேஸ் யூனிட் 6 பென்ஸ் சொச்சம், கரண்ட் 26 சொச்சம், அதாவது நாலு மடங்கு. 2 கிலோவாட் ஹீட்டர் நிக்காம அஞ்சு மணி நேரம் ஓடினா 10 யூனிட், 2 பவுண்டு 60. அதே சூட்டை பாய்லர் முக்கா பவுண்டுக்குள்ள தந்துடும். ஒரே ஆள், ஒரே ரூம், ஒரு மணி நேரம்னா ஹீட்டர் ஓகே, குடும்பமா இருந்தா பாய்லர்தான். ஆள் இல்லாத ரூம் ரேடியேட்டர் வால்வை 1-ல வைங்க, ஒரேடியா மூடினா மூலைல கருப்பா பூஞ்சை வந்துடும். காம்பி பாய்லரா (தண்ணித் தொட்டி இல்லாம குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் ஒண்ணே சூடாக்குறது) இருந்தா ரேடியேட்டருக்குப் போற தண்ணி சூட்டை 75-லேர்ந்து 60 டிகிரிக்கு இறக்குங்க, வீடு சூடாக கொஞ்சம் லேட் ஆகும், கேஸ் கம்மியா எரியும். கரண்ட்ல நான் மனசார பாராட்டறது எலக்ட்ரிக் போர்வையைத்தான், 100 வாட், படுக்கறதுக்கு அரை மணி முன்னாடி போட்டு அணைச்சா ஒன்றரை பென்ஸ் கூட ஆகாது.

சீட்டு எடுத்து கடனை அடைக்கலாமான்னு அக்கா கேட்டாங்க, பத்து பேர், மாசம் 200 பவுண்டு. முதல் மாசமே 300 தள்ளி எடுத்தா கைல 1,700 வரும், அப்புறம் ஒன்பது மாசம் கட்டணும், அந்த ஒன்பது மாசத்துலதான் குளிரும் வருது. வேண்டாம்னேன். கடன் கழுத்துக்கு வந்துட்டா ப்ரீதிங் ஸ்பேஸ்னு ஒரு அரசாங்கத் திட்டம் இருக்கு, இங்கிலாந்து, வேல்ஸ்ல 2021 மே-லேர்ந்து நடக்குது, 60 நாளைக்கு பெரும்பாலான கடன்ல வட்டியும் நிக்கும், விரட்டலும் நிக்கும், ஆனா அந்த நாள்ல எரிக்கற கேஸுக்கு காசு கட்டியே ஆகணும். நேரா நாமளே போட முடியாது, கடன் ஆலோசகர் வழியாத்தான். ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு ரெண்டு தொண்டு அமைப்புலயும் ஆலோசனை இலவசம். அக்காவுக்கு போன் போட்டுக் கொடுத்தது நான்தான், முக்கா மணி நேரம் ஹோல்ட் மியூசிக் கேட்டுக்கிட்டே அவங்க மூணு தோசை சுட்டாங்க, ஒண்ணு எனக்கு.