டிகோடருக்கு ஏற்ற ஈக்வலைசர் எது?
சிக்னலில் கலக்கும் எதிரொலியைச் சமாளிக்கும் பகுதி ஈக்வலைசர்; அதன் விடையை வாங்கிப் பிழைகளைத் திருத்துவது டிகோடர். அனுப்பிய பிட் (+1 அல்லது −1) முழு அளவில் வந்து சேர்கிறது. அடுத்த பிட் வரும்போது முந்தையதன் எதிரொலி 0.9 அளவில் அதன்மேல் விழுகிறது. இப்படி ஒரு சேனலை (சிக்னல் வரும் பாதையை) வைத்துக்கொண்டு மூன்று ஈக்வலைசர்களைப் பார்ப்போம்.

முதலாவது, சேனலைத் தலைகீழாக்கும் நேரியல் வடிகட்டி. எதிரொலி துடைத்தாற்போல் போய்விடும். ஆனால் இரைச்சலின் திறன் 1/(1−0.81), அதாவது சுமார் 5.3 மடங்காகிவிடும், 7 டெசிபலுக்கு மேல் நஷ்டம். எம்எம்எஸ்இ (மிச்ச எதிரொலி, இரைச்சல் இரண்டும் சேர்ந்த மொத்தப் பிழையைக் குறைப்பது) வகை எதிரொலியில் கொஞ்சம் விட்டுவைத்து இந்த நஷ்டத்தைக் குறைக்கும்.

அடுத்தது டிஎஃப்இ, எடுத்த முடிவைத் திருப்பி ஊட்டும் ஈக்வலைசர். முந்தைய பிட் இன்னதென்று முடிவுகட்டி, அதன் 0.9 பங்கைக் கழித்துவிடும். இரைச்சல் பெருகாது, கணக்கும் குறைவு. வம்பு எப்போது என்றால், ஒரு முடிவு தப்பும்போது. +1ஐ −1 என்று எடுத்துவிட்டால் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிடுகிறது. அடுத்த பிட்டில் 1.8 அதிகம். அந்த பிட் +1 என்றால் 2.8, தப்பித்தோம். −1 என்றால் 0.8, மறுபடி தவறு. பாதிக்குப் பாதி வாய்ப்பு! பிழைகள் கொத்தாக வருவதுகூடப் பரவாயில்லை, பிட்களின் வரிசையை மாற்றிப்போடும் இன்டர்லீவர் கலைத்துவிடும். அந்த 0.8 டிகோடரிடம் உறுதியான +1 போலப் போய் நிற்கிறதே, அதை எந்த இன்டர்லீவரும் சரிசெய்யாது. செப்புக் கம்பியில் ஓடும் 10 கிகாபிட் ஈதர்நெட் (2006) எல்டிபிசி என்ற பிழைதிருத்தக் குறியீட்டோடு, இந்தக் கழித்தலை டாம்லின்சன்-ஹரஷிமா முறையில் அனுப்பும் முனைக்கே மாற்றிக்கொண்டது. அங்கே பிட்கள் தெரிந்தவை, ஊகமே வேண்டாம்.

மூன்றாவது, 1972இல் ஃபோர்னி காட்டிய வழி: விட்டர்பி அல்காரிதம். சாத்தியமான பிட் வரிசைகளில், வந்த சிக்னலோடு மிகவும் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும். எதிரொலியும் அதே பிட்டின் செய்திதானே என்று அதையும் கணக்கில் சேர்க்கும். 1 + 0.81 ஆற்றல் கிடைப்பதால், இரைச்சல் குறைவாக இருக்கையில் டிஎஃப்இயைவிடச் சுமார் 2.6 டெசிபல் லாபம். இந்தச் சேனலுக்கு இரண்டே நிலைகள் (முந்தைய பிட் +1 அல்லது −1) போதும். ஜிஎஸ்எம் போன்களில் இந்த வகைதான் பரவலாக ஓடியது. ஆனால் ஒவ்வொரு சிம்பலும் 16 மதிப்புகளில் ஒன்றாக வரும் 16-க்யூஏஎம், ஐந்து சிம்பல் நீள எதிரொலி என்றால் 10,48,576 நிலைகள். நினைத்தும் பார்க்க வேண்டாம்.

பிட்டோடு அதன் நம்பகத்தையும் தரும் சோவா என்ற விட்டர்பி வகை 1989இல் வந்தபின், நிலைகள் குறைவான இடத்தில் விட்டர்பிக்கே என் ஓட்டு. நீண்ட சேனலில் எம்எம்எஸ்இயைப் போட்டு, டிகோடரின் விடையை அதற்கே திருப்பி ஊட்டுவேன். 1995இல் வந்த டர்போ ஈக்வலைசேஷனின் யோசனை அது. எம்எம்எஸ்இயில் அது டிஎஃப்இ போலவே எதிரொலியைக் கழிப்பதுதான், ஆனால் டிகோடர் எவ்வளவு நம்புகிறதோ அவ்வளவுக்கு மட்டும்.