சென்னபட்ணா வளைய அடுக்கும் கிலுகிலுப்பையும்: 9 மாதம் கூட இருந்து பார்த்தது

பெங்களூருவில் மகள் வீட்டுக்குப் போனபோது பேத்திக்கு 7 மாதம். அங்கிருந்து மைசூரு சாலையில் 60 கிலோமீட்டர் போனால், மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்ணா. சாலையோரக் கடை ஒன்றில் கிலுகிலுப்பை ஒன்று 150 ரூபாய்க்கும், குச்சியில் 5 வளையம் கோத்த அடுக்கு ஒன்று 420 ரூபாய்க்கும் வாங்கினேன். இப்போது அவளுக்கு 16 மாதம். அம்பாசமுத்திரம் பக்கம் 28 வருடம் அங்கன்வாடியில் இருந்தவள் நான். பொம்மையைக் கொடுத்தால் பிள்ளையின் கை என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பேன்.

கடைக்குப் பின்னாலேயே பட்டறை. சுழலும் கட்டையில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிக்கிறார்கள்; உரசுகிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறுகிறது. தாழை ஓலையை வைத்துத் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிடுகிறது. மரம் நம் வெட்பாலைதான், அங்கே ஆலெ மரம் என்கிறார்கள். எங்கள் ஊர் மரச்செப்பும் அரக்குக் கடைசல்தானே, கையில் எடுத்ததும் வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஆனால் செப்புச் சாமானை 3 வயதுக்கு முன்னால் கொடுக்காதீர்கள். அதிலுள்ள மூடியும் கிண்ணமும் வாய்க்குள் போகிற அளவு. இந்த வளையங்களில் மிகச் சின்னதுகூட என் உள்ளங்கையை மறைக்கும்.

முதல் வாரம் கிலுகிலுப்பையை அவள் கண்ணெதிரே துண்டால் மூடினேன். அவ்வளவுதான், அப்படி ஒரு சாமான் இருந்த நினைப்பே இல்லாமல் என் வளையலைப் பிடித்து இழுத்தாள். 9ஆம் மாதம் அதே துண்டை ஒரே இழுப்பில் உருவினாள். பிள்ளைத்தமிழில் 9ஆம் மாதத்தைச் சப்பாணி என்பார்கள், கை கொட்டுகிற பருவம். சரியாக அப்போதுதான் இரண்டு கையிலும் ஒவ்வொரு வளையத்தை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று தட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டு துண்டு போட்டேன். வலது துண்டுக்கு அடியில் நாலு முறை ஒளித்தேன், நாலு முறையும் எடுத்தாள். ஐந்தாவது முறை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது துண்டுக்கு அடியில் வைத்தேன். வலது துண்டைத்தான் தூக்கினாள்! பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் தம் 3 பிள்ளைகளைப் பார்த்து இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார் என்று எங்கள் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மகளுக்குத்தான் மனசு வாடிவிட்டது. "பாத்துக்கிட்டே இருந்தாளேம்மா, புத்தி மந்தமோ?" என்றாள். இல்லவே இல்லை. இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் செய்வது இது. பழகிய இடத்துக்குப் போகிற கையைத் தடுத்து நிறுத்துகிற திறமை மெல்லத்தான் வரும். 12ஆம் மாதம் தானாகவே சரியான துண்டுக்குப் போனாள்.

கை செய்யவில்லை என்பதற்காக உள்ளே ஒன்றும் ஓடவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1985இல் வந்த ஓர் ஆய்வை மகளே படித்துச் சொன்னாள். உளவியல் ஆய்வாளர் ரெனே பேயார்ஜானும் உடன் இருந்தவர்களும் 5 மாதக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு, அதன் முன்னால் இருந்த பலகையைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். பெட்டி தடுத்து நிற்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் பலகை முழுசாகச் சாய்ந்தபோது, குழந்தைகள் நடக்கக் கூடாதது நடந்ததுபோல் அதைத்தான் கூடுதல் நேரம் பார்த்தார்களாம். மறைந்த பெட்டி அங்கேயேதான் இருக்கிறது என்று 5 மாதத்திலேயே ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருக்கிறது. இதைக் கேட்ட பிறகுதான் மகள் முகம் தெளிந்தது.

10ஆம் மாதம் முழுக்கக் கட்டிலிலிருந்து வளையத்தைப் போடுவதே வேலை. தரையில் விழுந்தால் ஒரு சத்தம், பாயில் விழுந்தால் வேறு சத்தம். விழுந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்பாள். தயவுசெய்து இதற்குப் பிள்ளையை அதட்டாதீர்கள், எடுத்து எடுத்துக் கொடுங்கள்.

வளையத்தைக் குச்சியில் மாட்ட 13 மாதம் ஆனது. அதுவரை உருவ மட்டும்தான் தெரியும். அளவு பார்த்து அடுக்க இன்னும் நாளாகும், அவசரமே இல்லை. இந்த அடுக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது, குச்சி மேலும் கீழும் ஒரே பருமன். எந்த வளையத்தையும் எங்கேயும் போடலாம். மேலே போகப் போக மெலிகிற குச்சியாக இருந்தால் தப்பான வளையத்தை அதுவே நிறுத்திவிடும், பிள்ளை யோசிக்க என்ன இருக்கிறது? இவள் பெரிய வளையத்தை உச்சியில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கிறாள். அந்த ஒரு நிமிடத்துக்கே 420 ரூபாய் தகும்.

நடுவில் மாப்பிள்ளையின் நண்பர் ஒரு பேட்டரி பொம்மை கொடுத்தார். நல்ல மனசோடு கொடுத்ததுதான். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்து ஆங்கிலத்தில் பாடும். அது பாடிய அரை மணி நேரமும் மகள் வாயே திறக்கவில்லை, பிள்ளையும் "தா, தா" என்று கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. 2016இல் அமெரிக்காவில் 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேரைப் பெற்றோரோடு விளையாடவிட்டு ஒலிப்பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். பேட்டரி பொம்மை வைத்திருந்தபோது பெரியவர்கள் பேசியது நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 சொல், சாதாப் பொம்மையோடு 56, புத்தகத்தோடு 67. எங்கள் வீட்டில் நான் எண்ணவில்லை, ஆனால் காதில் விழுந்தது இதேதான். வளையத்தை எடுத்தால் "இந்தா செவப்பு, இது பெருசு, ஐயோ விழுந்திட்டே" என்று நாமே பேசிக்கொண்டிருப்போம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஊறப்போட்டுக் கழுவியதில் சிவப்பு மங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குச்சி உயரம் கூடுதல். பிடித்து நிற்கப் பழகுகிற பிள்ளை அதன்மேல் விழுந்தால் கண்ணில் படும், அதனால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் கொடுக்கிறோம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம் என்றாலும், பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகவே விளிம்பைத் தடவி, அரக்கு உதிர்கிறதா, கிலுகிலுப்பையின் மூட்டு ஆடுகிறதா என்று நாமேதான் பார்த்து வாங்க வேண்டும். அப்படிப் பார்த்து வாங்கியும் நீல வளையத்தில் மயிரிழை விரிசல் ஒன்று என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அதை எடுத்து வைத்துவிட்டோம். இப்போது 4 வளையத்தோடு விளையாடுகிறாள், ஆனால் ஒவ்வொரு முறையும் நாலையும் மாட்டிவிட்டுக் கையை நீட்டி என் முகத்தைப் பார்க்கிறாள். அடுத்த மாதம் சென்னபட்ணா போகிறோம், நீலம் ஒன்று மட்டும் தனியாகக் கடைந்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.