பல்லேடியம் பிரிண்ட்: ஃபெரிக் ஆக்சலேட்டா, அமோனியம் ஃபெரிக் ஆக்சலேட்டா?

ஒளியில் மாறும் இரும்பு உப்பையும் பிளாட்டினம் அல்லது பல்லேடியம் உப்பையும் காகிதத்தில் கையால் பூசி, நெகட்டிவ் வைத்து வெளிச்சம் காட்டிப் புகைப்பட பிரிண்ட் போடுகிறவர்களுக்கு நல்ல பிரிண்ட் ஒன்று எடுப்பது பெரிய விஷயமில்லை, அடுத்த வாரமும் அதே பிரிண்டை எடுப்பதுதான் பாடு. எந்த இரும்பு உப்பு என்பதில் முன்னால் இருப்பது இரண்டு வழி. வில்லியம் வில்லிஸ் 1873இல் காப்புரிமை எடுத்த காலத்திலிருந்து வரும் ஃபெரிக் ஆக்சலேட் ஒன்று. புகைப்படக் கலைஞர் பிரதீப் மால்டேவும் வேதியியலாளர் மைக் வேரும் 1980களில் வகுத்த அமோனியம் ஃபெரிக் ஆக்சலேட் மற்றது. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன், அதனால் சாய்வு இருக்கும்.

ஆயுள், தோற்றம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பழைய முறையில் யுவி (புற ஊதா) வெளிச்சத்தில் மங்கலாகத்தான் தெரியும், டெவலப்பரான பொட்டாசியம் ஆக்சலேட்டை ஊற்றியதும் படம் குபுக்கென்று எழும். கான்ட்ராஸ்ட்டை, பூசும் கலவையில் துளிக் கணக்கில் ரசாயனம் சேர்த்து ஏற்றலாம், இது பெரிய வசதி. ஆனால் கரைசல் வீட்டுச் சூட்டில் கெட்டுப்போகும். ஒரு சொட்டு எடுத்துப் பொட்டாசியம் ஃபெரிசயனைடில் விட்டுப் பாருங்கள், நீலமாக மாறினால் ஃபெரஸ் (ஃபெரிக் கெட்டு உண்டாகும் இரும்பு வடிவம்) சேர்ந்துவிட்டது, வெள்ளைப் பகுதியெல்லாம் அழுக்கேறும். அமோனியம் உப்போ பச்சைப் படிகமாக வாங்கி, இருட்டில் வைத்தால் கெடாமல் கிடக்கும்.

புதிய முறையில் எல்லாம் காகிதத்தின் ஈரத்தில் இருக்கிறது. பூசிய காகிதத்தில் ஈரம் இருந்தால் வெளிச்சத்திலேயே படம் ஏறக்குறைய முழுதாக வந்துவிடும், அப்புறம் மிச்ச இரும்பை நீக்க நேரே ஈடிடிஏ கரைசலில் போட்டால் போதும். காய்ந்துவிட்டால் படம் மெலியும், பல்லேடியம் பழுப்படிக்கும். ஈரம் கூடக் கூடக் கருமைக்கு நகரும். பழைய முறையிலும் ஈரம் படுத்தத்தான் செய்யும், ஆனால் அங்கே கரைசலின் வயது, டெவலப்பரின் சூடு, துளிக் கணக்கு எல்லாம் சேர்ந்துகொள்வதால் எது சொதப்பியது என்றே பிடிபடாது. இங்கே பிடிக்க வேண்டியது முக்கியமாக ஒன்றைத்தான், அதற்கும் சமையலறை உப்பு போதும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு தட்டு, அதில் தண்ணீர் தெளித்துச் சேறாகக் குழைத்த உப்பு, முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. பூசிய காகிதத்தை வெளிச்சம் காட்டும் முன் இந்தப் பெட்டியில் வையுங்கள். உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு வந்து நிற்கும், சித்திரை வெயிலானாலும் ஐப்பசி அடைமழையானாலும். ஏசி அறையில் பூசி அப்படியே உலரவிட்டால் சென்னையில்கூடக் காகிதம் வறண்டுவிடும் என்பதால் இந்தப் பெட்டியை நான் விடுவதே இல்லை. ஈரக் காகிதத்தின் மேல் இங்க்ஜெட் நெகட்டிவை நேராக வைக்காதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். நடுவில் மெல்லிய மைலார் (தெளிவான பிளாஸ்டிக்) ஷீட் வேண்டும்.

குறையும் உண்டு. நிழல் பகுதி கறுத்ததும் மேற்கொண்டு வெளிச்சம் புகாமல் தன்னைத்தானே மறைத்துக்கொள்வதால் நீண்ட அடர்த்தி வீச்சுள்ள, அதாவது வெளிர்ந்த இடத்துக்கும் கறுத்த இடத்துக்கும் வித்தியாசம் அதிகமான நெகட்டிவ் கேட்கும், ரசாயனத்தால் கான்ட்ராஸ்ட்டைத் திருத்துவதும் கஷ்டம். நெகட்டிவைக் கணினியில் தயாரிக்கிறவர்களுக்குப் பரவாயில்லை, கருமை வெளுப்பை இந்த முறைக்கேற்பத் திருத்தும் ஒரே கர்வ் போதும். அலமாரியில் விதவிதமான பழைய ஃபிலிம் நெகட்டிவ்கள் வைத்திருப்பவர் ஃபெரிக் ஆக்சலேட்டிலேயே இருக்கட்டும். நான் சொன்னதெல்லாம் பெரும்பாலும் பல்லேடியத்தை வைத்து. பிளாட்டினம் விற்கிற விலைக்கு அதைக் கொஞ்சம்தான் கலந்து பார்த்திருக்கிறேன்.