மாமாவுக்கு 14 மதிப்பெண்: வேலூர் மனநலப் பிரிவில் கண்டது

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கும் எனக்கு, மனச்சோர்வை அளப்பது என்றால் கைபேசிக்கு வந்து சேரும் ஒரு படிவம்தான் நினைவுக்கு வரும். அங்கே அரசு மருத்துவச் சேவையின் பேச்சு சிகிச்சையில் சேர்ந்தவர்கள் ஒவ்வோர் அமர்வின்போதும் பி.ஹெச்.கியூ-9 என்னும் ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அதைப் பல மாதங்கள் நிரப்பியிருக்கிறேன். இந்த முறை ஊருக்கு வந்திருந்தபோது என் தாய்மாமாவை வேலூரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக நேர்ந்தது. அங்கேயும் அதே படிவம்தான் இருந்தது. ஆனால் அதில் வந்த மதிப்பெண்ணை மருத்துவர் எடுத்துக்கொண்ட விதம் நான் அறிந்ததிலிருந்து வெகுவாக வேறுபட்டிருந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள பெரியவர்களின் மருத்துவத்தைக் கவனிக்கிறவர்களுக்கு உதவும் என்பதால், மாமாவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

மாமாவுக்கு அறுபது வயது நெருங்குகிறது. வாலாஜாவுக்கு அருகில் கிராமத்து வீடு, கொஞ்சம் நிலம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் நெடுங்காலம் கணக்கு எழுதியவர். சில மாதங்களாக வேலைக்குப் போகவில்லை. உடம்பு வலி, வயிற்றில் எரிச்சல், உச்சந்தலையில் சூடு என்று ஒவ்வொரு மருத்துவராகப் பார்த்து, ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற அறிக்கைகளால் ஒரு பெரிய பை நிறைந்திருந்தது. மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று முதலில் சொன்னவர் ஆற்காட்டில் அவருக்கு நீரிழிவு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்தான். அத்தைக்கு அதில் விருப்பமில்லை. ஊரில் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்பதே அவருடைய முதல் கவலையாக இருந்தது.

காலையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் முறை வர நண்பகல் ஆகிவிட்டது. அதற்கு முன்பே ஓர் இளம் பணியாளர் தாழ்வாரத்துக்கு வந்து, மாமாவின் பக்கத்தில் நின்றபடி, தமிழில் அச்சிட்ட படிவத்தைப் படித்துக் கேட்டார். கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா, தூக்கம் எப்படி, களைப்பு எப்படி, பசி எப்படி என்று கேள்விகள் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளும் இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், ஏறக்குறைய தினமும் என்னும் நான்கு விடைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும்; அவற்றுக்கு முறையே 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. எதிர் பெஞ்சில் வாலாஜாப் பக்கத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் நான். மாமா சட்டென்று, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். மொத்தம் 27க்கு 14 வந்தது.

அந்தப் படிவத்தின் வழக்கமான வகுப்புப்படி 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை சற்றுக் கடுமை, 20உம் அதற்கு மேலும் கடுமை. இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி இந்தப் பிரிவுகளைக் குறைத்து, குறைந்த தீவிரம், கூடிய தீவிரம் என இரண்டாக்கி, 16ஐ எல்லையாகக் கொண்டது. மதிப்பெண்ணோடு நிற்காமல் நோயின் வரலாற்றையும் அன்றாடச் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும் என்று அந்த நெறியும் சொல்கிறதுதான். ஆனாலும் எண்ணை மட்டும் பார்ப்பவர் கையில் மாமா அங்கே குறைந்த தீவிரத்துக்குள்தான் விழுந்திருப்பார்.

மருத்துவர் 14 என்ற எண்ணைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தாளை ஓரமாக வைத்தார். பிறகு நடந்ததுதான் உண்மையான மதிப்பீடு. மாமா அறைக்குள் நடந்து வந்த வேகத்தையும், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே விழுந்த நீண்ட இடைவெளியையும், முகத்தில் அசைவே இல்லாததையும் அவர் கவனித்துக் குறித்துக்கொண்டிருந்தார் என்று பின்னர் தெரிந்தது. சோகமாக இருக்கிறதா என்று அவர் நேராகக் கேட்கவில்லை. வலியிலிருந்து தொடங்கினார். எந்த நேரத்தில் அதிகம், காலையிலா மாலையிலா என்று கேட்டார். விடியும் முன் 3 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, அந்த நேரம்தான் மிக மோசம், பொழுது சாயச் சாயக் கொஞ்சம் தேவலை என்றார் மாமா. வழக்கத்தைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக விழிப்பதும், காலையில் மனம் கூடுதலாகக் கனப்பதும், ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ குறைவதும் உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி-10 நோய் வகைப்பாட்டில் மனச்சோர்வுக்குத் தனியாகக் குறிக்கப்படும் அடையாளங்கள். எடையைப் பற்றிக் கேட்டபோது மாமா தெரியாது என்றார்; பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருப்பதை அத்தைதான் சொன்னார்.

அத்தையிடம் அவர் கேட்ட கேள்விகள் எல்லாமே, முன்பு செய்துகொண்டிருந்து இப்போது நிறுத்தியவை எவை என்பதைச் சுற்றியே இருந்தன. நாளிதழ் படிப்பது நின்றுவிட்டது. மோட்டார் போடப் போவதில்லை. பேத்தியின் காதுகுத்துக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து, சாப்பிடாமல் திரும்பினார். குளிப்பதற்குக்கூட இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. படிவத்தின் அடியில், இந்தத் தொல்லைகளால் வேலையும் வீட்டுக் காரியங்களும் எவ்வளவு கடினமாயின என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது. மருத்துவர் அரை மணி நேரத்துக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருந்தது அந்தக் கேள்வியைத்தான் என்று எனக்குப் பட்டது.

பத்தாண்டுகளுக்கு முன் கணக்கில் ஏதோ தவறு செய்துவிட்டதாகவும், அதற்காகத் தன்னைத் தேடி வருவார்கள் என்றும் மாமா இரவில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதை அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னபோது மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். முதலாளியே நேரில் வந்து கணக்கு சரியாக இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா என்று கேட்டார். வெகு நேரம் கழித்து, "அவர் சொன்னா நம்பலாங்க. ஆனா மனசு கேக்காது" என்றார் மாமா. இந்த ஒரு பதிலுக்கு எவ்வளவு எடை என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். எதைச் சொன்னாலும் அசையாத பொய் நம்பிக்கையாக இருந்திருந்தால் அது மனப்பிறழ்வு அறிகுறிகளுடன் கூடிய கடும் மனச்சோர்வு. மருந்தும் மாறும், உள்நோயாளியாகச் சேர்ப்பதைப் பற்றிய முடிவும் மாறும்.

வேறு காரணங்களை விலக்கும் வேலையும் ஊடே நடந்தது. தைராய்டு, ரத்தச் சோகை, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றுக்குப் பரிசோதனை எழுதினார், குடிப்பழக்கத்தை விசாரித்தார், வாழ்நாளில் எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவு கடந்த உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைத்த காலம் உண்டா என்று கேட்டார். அப்படி இருந்திருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கக்கூடும், மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது ஆபத்தாகலாம் என்பது காரணம்.

அதன்பின் அவர் நிரப்பியது ஹாமில்டன் அளவுகோல். 1960இல் மாக்ஸ் ஹாமில்டன் வெளியிட்ட இதில் 17 கூறுகள், அதிகபட்சம் 52. நோயாளி தானாக நிரப்புவதில்லை. பேட்டி கண்ட மருத்துவர் நிரப்புவது. ஹாமில்டன் நீண்ட காலம் பேராசிரியராக இருந்தது நான் குடியிருக்கும் லீட்ஸில் என்பது ஒரு வேடிக்கை. தூக்கத்துக்கு மட்டும் மூன்று கூறுகள் இருக்கின்றன. உடல் உபாதைகளுக்கும் எடைக்கும் தனித்தனி இடம் உண்டு. உடம்பின் தொல்லைகளுக்கு இத்தனை இடம் கொடுத்துவிட்டார்கள் என்று அதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. மனத்தைப் பற்றிப் பேசாமல் வயிற்றையும் தலைச்சூட்டையும் பற்றியே பேசும் என் மாமாவைப் போன்றவர்களுக்கு அதுவே பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

இறுதியில் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு மாமாவிடம் தனியாகப் பேசினார். என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. திரும்ப அழைத்தபோது, மாமாவின் அனுமதியைக் கேட்டுக்கொண்டே எங்களிடம் மூன்று செய்திகளைச் சொன்னார்: மனப்பிறழ்வு அறிகுறிகள் இல்லாத, கடுமையான மனச்சோர்வு என்பது தன் முடிவு, பூச்சிமருந்து டப்பாக்களை இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும், மாத்திரைகள் அத்தை கையில் இருக்க வேண்டும். தாழ்வாரத்தில் 0 வாங்கிய ஒன்பதாவது கேள்விக்கு அறைக்குள் வேறு விடை கிடைத்திருக்கிறது என்பதை இதிலிருந்து நாங்களே ஊகித்துக்கொண்டோம். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதையும் அவர் அத்தைக்குப் பொறுமையாக விளக்கினார்.

அந்தத் தாழ்வாரத்தைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. கூட்டம் அதிகம், அறைகள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அத்தனை பேர் காதில் விழும்படி அப்படியொரு கேள்வியைக் கேட்டு வாங்கும் எண்ணுக்கு என்ன மதிப்பு? அடுத்த வருகையில் இதைச் சொன்னேன். அன்று படிவத்தை ஒரு சிறு அறைக்குள் வைத்துக் கேட்டார்கள். மதிப்பெண் 19 ஆகியிருந்தது. மாமா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கிய நேரம் அது. ஹாமில்டன் அளவிலும் சற்றுக் குறைவு தெரிந்தது. நோய் கூடவில்லை, ஒளிவுமறைவுதான் குறைந்திருக்கிறது, இனி இந்த 19இலிருந்துதான் இறக்கத்தைக் கணக்கிட வேண்டும் என்றார் மருத்துவர். பொதுவாக 5 புள்ளி இறங்கினால் பொருட்படுத்தத்தக்க மாற்றம், பாதியாகக் குறைந்தால் சிகிச்சைக்கு நல்ல பலன், 5க்குக் கீழே வந்தால் நோய் தணிந்த நிலை என்று கொள்கிறார்கள்.

வேலூர் வட்டாரத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, உள்நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் தங்கும் வழக்கம் அங்கு பல பத்தாண்டுகளாக உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது கூட வருபவர் நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவராக இருக்க வேண்டும். என்னைப் போல விமானத்தில் வந்து இறங்கியவரால் மேற்சொன்ன கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்ல முடியவில்லை. உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, கையோடு எடுத்துச் செல்லுங்கள். சீட்டில் மருந்தின் பெயரோடு அன்றைய மதிப்பெண்ணையும், எந்த அளவுகோல் என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். நாங்கள் கேட்ட பிறகுதான் எழுதினார்கள்.