மாம்பலகையா, பைன் பெட்டியா, இடித்த வீட்டு மரமா?

வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரியும் சில ஸ்டூல்களும் நானே செய்யலாம் என்று மரம் தேடினேன். தேக்கு விலை கட்டுப்படியாகாது. கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பவை மூன்று: மா, ஓசூர் தொழிற்சாலைகளில் கழித்துவிடும் பைன் பெட்டி, இடித்த வீட்டு மரம். நான் எடுத்தது மா.

இடித்த வீட்டு மரம் காய்ந்து இறுகியது, அவ்வளவு சீக்கிரம் வளையாது. ஆனால் உள்ளே ஒரு ஆணி தங்கியிருந்தாலும் இழைப்பு மெஷின் பிளேடு போய்விடும். காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கப் பொறுமை வேண்டும்.

பைன் லேசு, இழைக்கச் சுலபம். வெளிநாட்டுச் சரக்கோடு வந்த பெட்டி என்றால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்.டி.' என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிடம் அப்படியே வைத்தது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எல்லாம் குட்டைத் துண்டுகள். ஸ்டூலுக்குச் சரி, அலமாரிக்கு நீளம் பத்தாது.

மாவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. காய்ப்பு விட்டுப்போன கிழட்டு மரங்களைத் தோப்புகளில் வெட்டுகிறார்கள், அதெல்லாம் மில்லுக்கு வருகிறது. பலகை அகலமாகக் கிடைக்கும். சில பலகைகளில் பழுப்பும் கருப்புமாக ஓடும் ரேகைக்கு எண்ணெய் மட்டும் பூசினாலே போதும், அவ்வளவு அழகு.

ஆனால் மா நிலைப்பதும் கெடுவதும் காயவைப்பதில்தான் இருக்கிறது. பச்சைப் பலகையில் அலமாரி செய்தால் காயக் காயச் சுருங்கி மூட்டு விட்டுவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே போட்டு வைத்தால் காற்று போகாமல் பூஞ்சையால் நீலக்கறை ஏறும், மரத்தைத் துளைக்கும் உளு விழும். அறுத்த கையோடு, போரிக் அமிலம் ஒரு பங்கு, போராக்ஸ் ஒன்றரைப் பங்கு கரைத்த தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஈரம் இருக்கும்போதுதான் மருந்து உள்ளே இறங்கும். அப்புறம் நிழலில், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரே கனத்து ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை அலை அலையாக வளையும். முனை வெடிக்காமலிருக்க பலகையின் இரண்டு முனையிலும் பெயிண்ட் அடித்து, அடுக்கின் மேல் பாரம் ஏற்றிவிடுங்கள்.

அங்குலக் கனப் பலகைக்குச் சில மாதம் பிடிக்கும். நாள் கணக்கை நம்பாதீர்கள். ஒரே பலகையை வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் வேலையை ஆரம்பிக்கலாம். இடம் இல்லாதவர்களும் அவசரக்காரர்களும் பைனுக்கே போவது நல்லது.

மழை படும் கதவு நிலை, ஜன்னலுக்கு மா வேண்டாம், அந்த போராக்ஸ் மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும். அதற்கு வேம்பு நல்லது என்று ஆசாரிகள் சொல்கிறார்கள். நான் வேம்பில் வேலை செய்ததில்லை.