கப்பலும் கேள்விக்குறியும்: இரண்டு ஒலிபரப்பு மாளிகைகள்

பிரஸ்ஸல்ஸ் நகரின் பிளாஜே கட்டடத்தைப் பெல்ஜியத் தேசிய வானொலிக்காக ஜோசப் டியோங்கர் வடிவமைத்தார். 1938-இல் பணி முடிந்தது. மஞ்சள் செங்கல், வளைந்த மூலை, மேலே ஒரு கோபுரம். குளக்கரையில் நங்கூரமிட்டதுபோல் நிற்பதால் ஊரார் அதைக் ‘கப்பல்’ என்கிறார்கள். இடம் போதாமல் ஒலிபரப்பாளர்கள் வெளியேறினார்கள், கட்டடம் நலிந்தது. 1994-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாகி, 2002-இல் பண்பாட்டு மையமாகத் திறந்தது. இசைக்குழுக்களின் பதிவுக்கென்றே கட்டிய நான்காம் கூடத்தில் இன்றும் இசைக்குழுக்கள் வாசிக்கின்றன. எனக்கு இதுதான் பெரிய செய்தி: சுவர்கள் எதற்காக எழுந்தனவோ அதையே செய்கின்றன.

லண்டனின் பிபிசி தொலைக்காட்சி மையம் 1960-இல் திறந்தது. கட்டடக் கலைஞர் கிரஹாம் டாபார்ன் ஓர் உறையின் மேல் கேள்விக்குறி வரைந்து பார்த்தபோதுதான் அதன் வடிவம் பிறந்தது. வட்ட முற்றத்தின் நடுவே சூரியதேவன் ஹீலியோஸின் சிலை. 2012-இல் விற்கப்பட்டது, மறு ஆண்டு பிபிசி வெளியேறியது. இப்போது பெரும்பகுதி அடுக்குமாடி வீடுகள், விடுதி, அலுவலகங்கள். மூன்று படப்பிடிப்புக் கூடங்கள் மட்டும் தப்பின. 2017 முதல் அவற்றில் மீண்டும் நிகழ்ச்சிகள் உருவாகின்றன.

லண்டன் கட்டடம் செலவைத் தானே ஈட்டிக்கொள்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் என் மனம் பிரஸ்ஸல்ஸின் பக்கமே சாய்கிறது. அங்கே டிக்கெட் வாங்கும் எவரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து இசை கேட்கலாம்.