டேவிட் டேவிஸ் மேன்ஷன், ப்ளூமிங்டன்: பழைய ஜட்ஜ் வீடு தானேன்னு விட்டுடாதீங்க

இல்லினாய் ப்ளூமிங்டன்ல ஐடி வேலைக்கு வந்து வருஷக்கணக்கா இருக்கற நம்மாளுங்க நெறைய பேரு இந்த வீட்டுக்குள்ள எட்டிக்கூட பாத்திருக்க மாட்டாங்க, கேட்டா "ஏதோ பழைய ஜட்ஜ் வீடுப்பா, ஸோஃபாவுக்கு கயிறு கட்டி வெச்சிருப்பாங்க"ம்பாங்க. ஸோஃபா இருக்கு தான், ஆனா அத விட அந்த ஜட்ஜு தான் மேட்டரு.

மொதல்ல வீடு. 1872ல கட்டி முடிச்சது, மஞ்ச செங்கல், 36 ரூமு. டிசைன் பண்ணவரு ஆல்ஃப்ரெட் பிக்கெனார்ட், ஸ்பிரிங்ஃபீல்டுல இருக்கற இல்லினாய் சட்டசபைக் கட்டடத்துல (கேப்பிட்டல் பில்டிங்) வேலை பாத்த அதே ஆளு. டேவிஸ் வாஷிங்டன்ல சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ், ஆனா வீட்டம்மா சாராவுக்கு ப்ளூமிங்டன விட்டு போக மனசில்ல, அதனால இங்கயே இவ்ளோ பெரிய வீடு. பளிங்குல ஃபயர்ப்ளேஸ், கேஸ் லைட்டு, வீட்டுக்குள்ளயே குழாய்த் தண்ணி, வீடு முழுக்க ஹீட்டிங், இதெல்லாம் 1872லன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. எனக்கு புடிச்சது கிச்சன் தான், அங்க இருக்கற இரும்பு அடுப்ப பாத்தா கல்யாண சமையலே பண்ணலாம் போல. வெளில சாராவோட தோட்டத்தையும் விடாம பாருங்க. பாவம் அந்தம்மா 1879லயே போயிட்டாங்க, ஆசையா கட்டின வீட்டுல ஏழு வருஷம் தான்.

இப்ப ஆளு. 1815ல மேரிலாண்டுல பொறந்து, சட்டம் படிச்சுட்டு, இருபது வயசுல இல்லினாய் வந்த வக்கீலு. 1848ல இருந்து எட்டாவது சர்க்யூட் ஜட்ஜ். அப்பெல்லாம் கோர்ட்டே ஊர் ஊரா போகும், ஜட்ஜும் வக்கீலுங்களும் சேந்து சேத்துல வண்டி ஓட்டிக்கிட்டு, ராத்திரி கெடைச்ச சத்திரத்துல ஒரே கட்டில்ல ரெண்டு பேரு மூணு பேருன்னு படுத்துக்குவாங்க. டேவிஸுக்கு மட்டும் தனி கட்டிலு, ஜட்ஜ்ங்கற மரியாதையால இல்ல, ஆளு 300 பவுண்டுக்கு மேல, பக்கத்துல படுக்க எடம் ஏது! அந்த வக்கீல் கூட்டத்துல ஒருத்தரு தான் ஆபிரகாம் லிங்கன். டேவிஸால உக்கார முடியாத நாள்ல லிங்கனையே ஜட்ஜ் சீட்டுல உக்கார வெச்சிருக்காரு.

1860ல ஜனாதிபதி வேட்பாளர தேர்ந்தெடுக்க சிகாகோல நடந்த ரிபப்ளிகன் கட்சி மாநாட்டுல லிங்கன் பேரு வந்ததுக்கு முக்கிய காரணமே இவரு தான். லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டுல வீட்டுல இருக்காரு, இவரு சிகாகோல ஹோட்டல் ரூம் போட்டு ஒவ்வொரு ஸ்டேட் ஆளுங்களையும் புடிச்சு பேசி, போட்டில இருந்த செவார்ட் தான் ஜெயிப்பாருன்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்தத மூணாவது ரவுண்டுல கவுத்துட்டாரு. 1862ல லிங்கன் இவர சுப்ரீம் கோர்ட்டுக்கு போட்டாரு. சரி, ஃப்ரெண்டுக்கு போஸ்டிங், நம்மூர்ல பாக்காததான்னு நீங்க நெனப்பீங்க, நானும் அப்படித்தான் நெனப்பேன், ஆனா 1866ல மில்லிகன் கேஸ்னு ஒண்ணு வந்துது பாருங்க.

லாம்ப்டின் மில்லிகன்னு இந்தியானாக்காரர உள்நாட்டுப் போர் சமயத்துல புடிச்சு, சிவில் கோர்ட் தொறந்திருக்கும்போதே மிலிட்டரி விசாரணை வெச்சு தூக்குத் தண்டனை குடுத்துட்டாங்க, எல்லாம் லிங்கன் ஆட்சில நடந்தது. அந்தத் தண்டனை செல்லாதுன்னு தீர்ப்பு எழுதினது இந்த டேவிஸ் தான். போர் நடந்தாலும் சரி நடக்காட்டியும் சரி, ஆளறவனுக்கும் ஜனங்களுக்கும் ஒரே அரசியல் சட்டம் தான்னு எழுதினாரு. தனக்கு பதவி குடுத்த ஃப்ரெண்டோட அரசாங்கம் பண்ணத தப்புன்னு சொல்ல ஒரு தில்லு வேணும். இத்தனைக்கும் லிங்கன் உயில் எழுதாம செத்தப்போ அவரு சொத்த பாத்துக்கிட்டதும் இதே ஆளு தான், அத 1,10,000 டாலருக்கு மேல வளத்து குடும்பத்துக்கு பிரிச்சுக் குடுத்தாரு, ஃபீஸ் ஒரு பைசா வாங்கல.

1877 மேட்டர்ல மட்டும் எனக்கு இவரு மேல வருத்தம். ஜனாதிபதி தேர்தல் ரிசல்ட் தகராறாகி 15 பேர் கமிஷன் போட்டாங்க, அந்தப் பக்கம் ஏழு இந்தப் பக்கம் ஏழு, நடுவுல எந்தக் கட்சியும் சாராத டேவிஸ் வருவாருன்னு கணக்கு. அதே நேரத்துல இல்லினாய் சட்டசபை இவர செனட்டுக்கு தேர்ந்தெடுக்க, இவரு நைசா ஒதுங்கிட்டாரு. பதிலுக்கு வந்த பிராட்லி ஓட்டுல 8க்கு 7ன்னு ஹேஸ் ஜனாதிபதி ஆயிட்டாரு. மில்லிகன் கேஸ்ல இருந்த தில்லு இங்க எங்க போச்சு சார்?

வீட்டு டூர்னா வீடு, குடும்பம், சாமான்னு தான் பேச்சு இருக்கும், அதனால மில்லிகன் கேஸ ஒரு தடவ படிச்சுட்டு போங்க, கைடு கிட்ட கேள்வி கேக்க நல்லாருக்கும். சின்னப் பசங்களுக்கு போரடிக்கும், பெரியவங்க தாராளமா போகலாம். தோட்டம் பாக்கணும்னா கோடைல போங்க. சிகாகோல இருந்து ஐ-55 புடிச்சா ரெண்டேகால் மணி நேரம், அதே ரோட்டுல இன்னும் ஒரு மணி நேரம் போனா ஸ்பிரிங்ஃபீல்டு, லிங்கன் வீட்டையும் பாத்துடலாம், ஆனா ஒரே நாள்ல ரெண்டும்னா ஓட்டமா தான் இருக்கும், கெளம்பறதுக்கு முன்னாடி தொறக்கற நேரத்த செக் பண்ணிக்கோங்க.